வாடகைக் குடிசையில் இருப்பவருக்கு மாற்று வீடு உண்டா?

கேள்வி: "எங்களுக்குச் சொந்த ஊர் வேதாரண்யம் பக்கம். கஜா புயலில் தென்னந்தோப்பும் ஓட்டு வீடும் போயின. ஆறு மாதம் கடன் வாங்கிச் சமாளித்துவிட்டு 2019இல் சென்னைக்கு வந்தோம். பக்கிங்காம் கால்வாய்க் கரையில் ஷீட் போட்ட வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். கணவருக்கு பெயின்ட் வேலை. நான் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்து வீடு துடைக்கிறேன். ரேஷன் அட்டை ஊரில் மாமியாரிடம் இருக்கிறது, எங்கள் பெயரும் அதில்தான். கரையோர வீடுகளை எடுக்கப் போகிறார்கள், கணக்கெடுக்க வருவார்கள் என்கிறார்கள். வீட்டுக்காரரோ, 'வாடகைக்கு இருக்கிறவங்களுக்கு ஒண்ணும் கிடையாது' என்கிறார். மகள் எட்டாவது படிக்கிறாள். நான் வேலைக்குப் போன பிறகு அவள் தனியாக இருப்பது பயமாக இருக்கிறது. ஊருக்கு அனுப்பிவிடு, காலாகாலத்தில் கட்டிக் கொடுத்துவிடலாம் என்கிறார் மாமியார். ஊரில் வாங்கிய குழுக்கடனுக்கு இன்னும் போன் வருகிறது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்கே போய்விடலாமா?"
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

வழக்கறிஞரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசியாகக் கேட்டிருப்பதற்குக் கடைசியில் வருகிறேன். கணக்கெடுப்புக்கு ஆட்கள் வருவதற்குள் நீங்கள் முடிக்க வேண்டிய காரியங்கள் சில இருப்பதால், வீட்டுக்காரர் சொன்னதிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

அவர் சொன்னதில் பாதிதான் உண்மை. கால்வாய்க் கரை அரசுப் புறம்போக்கு. உங்களிடம் மாதாமாதம் வாடகை வாங்குகிறவருக்கும் அந்த மண்ணில் பட்டா இருக்க வாய்ப்பில்லை. அவர் முன்னால் வந்து தகரம் அடித்தவர், நீங்கள் பின்னால் வந்து அதில் குடியிருப்பவர் என்பதைத் தவிர, நிலத்தின் மேலான உரிமை என்று பார்த்தால் இருவரும் ஒரே தட்டில்தான் நிற்கிறீர்கள். 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டத்தைக் கொண்டு உங்களை எழுப்புவதானால், பிரிவு 7இன் கீழ் விளக்கம் கேட்டு அறிவிப்புக் கொடுத்த பிறகே பிரிவு 6இன் கீழ் வெளியேற்ற முடியும். அந்த விளக்கம் அந்த இடத்தில் இருப்பவரிடம் கேட்கப்படுவது என்பதால், பதில் எழுதும் வாய்ப்பு உங்களுக்கும் உண்டு. 1971ஆம் ஆண்டின் குடிசைப் பகுதிகள் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. குடிசைப் பகுதி என்று முறைப்படி அறிவிக்கப்பட்ட இடத்தில் வாடகைக்கு இருப்பவரை, உரிய அதிகாரியின் அனுமதி இல்லாமல் வெளியேற்றும் நடவடிக்கையைத் தொடங்கக்கூடாது என்கிறது அது. ஆனால் சென்னையில் 1971இல் 1,202 பகுதிகளும் 1985இல் மேலும் 17 பகுதிகளும் அறிவிக்கப்பட்ட பிறகு, நீண்ட காலம் அந்தப் பட்டியல் வளரவே இல்லை. உங்கள் கரை அதில் இருக்கிறதா என்பதை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்திடம், அதாவது 2021 வரை குடிசை மாற்று வாரியம் என்றிருந்த அலுவலகத்திடம், தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய் கட்டணத்தில் எழுதிக் கேட்டுவிடுங்கள்.

மாற்று வீட்டுக்கான கணக்கெடுப்பில் வாடகைக்காரர்களைச் சேர்ப்பது இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. குடியிருப்பவரையே குடும்பமாகக் கணக்கிட்ட கரைகளும் உண்டு, வாடகைக்காரர் என்று தெரிந்ததும் பெயரை அடித்த கரைகளும் உண்டு. நான் பார்த்தவரையில், சேர்க்கப்பட்டவர்கள் உரக்கப் பேசியவர்கள் அல்லர். அந்த இடத்தில் இத்தனை ஆண்டாக இருக்கிறேன் என்பதற்குத் தங்கள் பெயரில் காகிதம் வைத்திருந்தவர்கள்.

கணக்கெடுப்பு நாள் எப்படி இருக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். காலை பத்தரை, பதினொரு மணி வாக்கில் இரண்டு மூன்று பேர் வருவார்கள். ஒருவர் கையில் பெயர் எழுதும் தாளோ டேப்லெட்டோ இருக்கும். இன்னொருவர் கதவில் பெயின்டால் எண் போட்டுக்கொண்டே போவார். பூட்டியிருக்கும் வீட்டின் எண்ணுக்கு நேரே "பூட்டு" என்று எழுதிவிட்டு அடுத்த கதவுக்கு நகர்ந்துவிடுவார்கள். அந்த நேரத்தில் கரையிலுள்ள பெண்களில் பாதிப் பேர் மந்தைவெளியிலோ அடையாறிலோ யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டிருப்பார்கள். வாடகைக்கு விட்டுவிட்டு வேறெங்கோ வசிக்கிற வீட்டுக்காரர் மட்டும் அன்றைக்குத் தவறாமல் வந்து, பழைய மின்கட்டண அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு உங்கள் வாசலில் நிற்பார். என்னிடம் வந்த ஒரு பெண் பத்து ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்தவர். இருந்த காகிதங்கள் அத்தனையும் கணவரின் பையில் இருந்தன; கணவர் வேலைக்காகக் கோவையில் இருந்தார். மாலை ஆறு மணிக்கு அந்தப் பெண் வேலையிலிருந்து திரும்பி வந்தபோது கதவில் எண் இருந்தது, பட்டியலில் பெயர் இல்லை. மேல்முறையீடு, மனு என்று பதினான்கு மாதம் அலைந்த பிறகு கடைசியில் கைகொடுத்தது, மகன் படித்த மாநகராட்சிப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து எடுத்த ஒரு பக்கம்தான்.

ஆகவே முதலில் மகளின் பள்ளிக்குப் போய், அவள் சேர்ந்த தேதியும் அப்போது கொடுத்த முகவரியும் தெரியும்படி படிப்புச் சான்று ஒன்று வாங்குங்கள். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ நீங்கள் காட்டிக்கொண்ட சீட்டு எவ்வளவு பழையதானாலும் எறியாதீர்கள். வாடகையை இந்த மாதத்திலிருந்து ரொக்கமாகக் கொடுக்காமல் ஜிபேயில் உங்கள் எண்ணிலிருந்தே அனுப்புங்கள். வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தம் கட்டாயம் என்று சொன்னாலும், பட்டா இல்லாதவர் உங்களுக்கு ஒப்பந்தம் எழுதித் தர மாட்டார் என்பது உங்களுக்கும் தெரியும், எனவே அந்தப் பணப்பரிமாற்றப் பட்டியல்தான் உங்கள் வாடகை ரசீது. ஆதாரில் முகவரி மாற்ற வேறு ஆவணம் இல்லையென்றால், ஆதார் ஆணையத்தின் அச்சிட்ட படிவத்தில் வார்டு கவுன்சிலரோ சட்டமன்ற உறுப்பினரோ படத்தின் மேல் கையெழுத்திட்டுத் தரும் சான்று போதும். வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்றுவதற்குப் படிவம் 8. இவற்றில் எதையும் கணவர் பெயரில் மட்டும் செய்து நிறுத்திவிடாதீர்கள் என்பதுதான் இந்தக் கடிதத்தில் நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது.

ஏன் இத்தனை அழுத்தம் என்று தோன்றலாம். நடைபாதைவாசிகளுக்காக உச்ச நீதிமன்றம் 1985 ஜூலை 10 அன்று அளித்த ஓல்கா டெல்லிஸ் வழக்கின் தீர்ப்பை எங்கள் தொழிலில் அடிக்கடி எடுத்துச் சொல்வோம். பிழைப்புக்கான உரிமை, உயிர் வாழும் உரிமைக்குள் அடங்கியது என்று ஐந்து நீதிபதிகள் சொன்ன தீர்ப்பு அது. அந்த வழக்கின் மனுதாரர்களில் ஒருவர் சேலத்துக்காரர், நிலமற்ற கூலித் தொழிலாளி. வறட்சியில் வேலை போய் 1961இல் பம்பாய்க்குப் போனவர். மேற்கு விரைவு நெடுஞ்சாலை ஓரத்தில் பிளாஸ்டிக் தாளும் கித்தானும் கட்டிய ஓர் இடத்துக்காக அவரிடம் 2,500 ரூபாயைப் பறித்திருக்கிறார், அந்தப் பகுதியைக் கையில் வைத்திருந்த ஒருவர். உங்கள் வீட்டுக்காரர் பம்பாயிலும் இருந்திருக்கிறார், அவ்வளவுதான். 1981 ஜூலையில் மாநகராட்சி அந்த இடத்தை இடித்து, குடும்பத்தையே சேலத்துக்குப் பஸ் ஏற்றிவிட்டது. மனைவியும் மகள்களும் சேலத்தில் தங்கிவிட, அவர் மட்டும் வேலை தேடித் திரும்பி வந்து மறுபடியும் நடைபாதையில் குடியேறினார் என்கிறது தீர்ப்பு. அந்த வாக்கியத்துக்குப் பிறகு அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மழை பொய்த்ததால் புலம்பெயர்ந்தவர் என்று நீதிமன்ற ஆவணத்தில் பதிவானவர் கணவர் மட்டுமே. அந்தத் தீர்ப்பும்கூட, அறிவிப்புக் கொடுத்து வெளியேற்றலாம் என்றுதான் முடிந்தது. வெளியேற்றவே கூடாது என்று அது சொல்லவில்லை என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

புயலால் வந்தவர், வறட்சியால் வந்தவர் என்று தனி வகை எதுவும் வீட்டு ஒதுக்கீட்டு விதிகளில் இல்லை. கணக்கெடுப்பாளரிடம் கஜாவைப் பற்றிச் சொன்னால் அனுதாபம் கிடைக்கலாம், படிவத்தில் அதற்கென்று கட்டம் இருக்காது. அதை மதிக்கிற ஒரு சட்டம் இருக்கிறது: 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம். அதன் பிரிவு 12, வெள்ளம், வறட்சி போன்ற பேரிடர்களில் பாதிக்கப்பட்டவர்களுக்கு இலவச வழக்கறிஞரைப் பெறும் உரிமை தருகிறது. பெண் என்றால் அந்தக் காரணம்கூடத் தேவையில்லை, வருமானமும் பார்ப்பதில்லை. உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போகலாம், அல்லது 15100 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். அறிவிப்பு கைக்கு வந்த அன்றே போங்கள். இடிக்கும் வண்டி வந்த பிறகு ஓடி வருகிறவர்களுக்கு எங்களால் செய்ய முடிவது மிகக் குறைவு.

அடுத்து ரேஷன் அட்டை. 2020 அக்டோபரிலிருந்து மாநிலத்தின் எந்தக் கடையிலும் பொருள் வாங்கலாம் என்பதால், அட்டை ஊரில் இருந்தால் என்ன என்று உங்கள் கணவர் நினைத்திருக்கலாம். அரிசிக்கு அது சரி. ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் போது உங்கள் வீட்டுக்குள் எவ்வளவு தண்ணீர் நின்றிருக்கும் என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது; அந்த 6,000 ரூபாய் நிவாரணம் ரேஷன் கடை வழியாகத்தான் வந்தது. சென்னை அட்டைக்காரர்களுக்கு டோக்கன் கிடைத்தது. மற்றவர்கள் தனியாக விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். மாமியாரின் அட்டையிலிருந்து உங்கள் மூவர் பெயரையும் நீக்கி, இங்கே புதிய அட்டைக்கு விண்ணப்பியுங்கள். கைக்கு வர மாதங்கள் ஆகலாம்; விண்ணப்ப எண் உள்ள ஒப்புகைச் சீட்டையே அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெயரை நீக்கினால் ஊரிலுள்ள நிலத்தில் பங்கு போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பட்டாவுக்கும் ரேஷன் அட்டைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. பிரதமர் வீட்டு வசதித் திட்ட நிதியில் கட்டிய வீடுகளை ஒதுக்கும்போது, கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள் ஆகியோரைக் கொண்ட குடும்பத்துக்கு நாட்டில் எங்குமே சொந்தமாகக் காங்கிரீட் வீடு இருக்கக்கூடாது என்பது விதி. அதே வேளையில் கிராமத்துக் குடிசைகளுக்கு மாற்றாக 3.5 லட்சம் ரூபாயில் வீடு கட்டித் தரும் கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 2024 முதல் நடக்கிறது. ஊரில் யாராவது உங்கள் கணவர் பெயரை அதற்கு எழுதிக் கொடுத்து, அவர் பெயரில் வீடும் வந்துவிட்டால், சென்னை வீட்டுக்கான தகுதி சத்தமில்லாமல் போய்விடும். மாமியார் பெயரில் அவருக்கு வீடு வருமானால் தாராளமாக வரட்டும். அட்டை பிரிந்திருப்பது அப்போது இரண்டு பக்கத்துக்கும் நல்லது. இங்கே ஒதுக்கீடு வந்தால் வீடு குடும்பத் தலைவி பெயரிலோ கூட்டாகவோ இருக்க வேண்டும் என்பது அதே திட்டத்தின் நிபந்தனை. கையெழுத்திடும் முன் தாளில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று வாசித்துப் பாருங்கள்.

ஒதுக்கீடு கிடைத்தால் எல்லாம் தீர்ந்தது என்று உங்களுக்கு ஆசை காட்டவும் எனக்கு மனமில்லை. கரையோர மக்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல. காலை ஆறரைக்கு மந்தைவெளியில் கோலம் போட வேண்டியவர் பெரும்பாக்கத்திலிருந்து எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்று கணக்குப் பாருங்கள். பஸ் இலவசம்தான், நேரம் இலவசமில்லை. மூன்று வீட்டு வேலை ஒரு வீடாகக் குறைந்துபோன பெண்களை நான் அறிவேன். ஏரியா பேரைக் கேட்டதும் வேலை இல்லை என்று சொல்லிவிட்ட வீடுகளையும் அறிவேன். ஆகவே கணக்கெடுப்பின் போதே, பக்கத்தில் கட்டப்படும் வாரியக் குடியிருப்புகளில் இடம் வேண்டும் என்றும், பள்ளி ஆண்டு முடிந்த பிறகே மாற்ற வேண்டும் என்றும் கரையிலுள்ள பெண்கள் எல்லாரும் கையெழுத்திட்டு மனு கொடுத்து, அதற்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. எழுதிக் கொடுக்காதவர்களுக்காகப் பின்னால் வாதாடுவது எவ்வளவு கடினம் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும். இதோடு, 2007இல் அமைக்கப்பட்ட வீட்டுப் பணியாளர்கள் நல வாரியத்திலும் பதிவு செய்யுங்கள். 18 முதல் 60 வயது வரை சேரலாம். வேலை கொடுப்பவரின் சான்றோ தொழிற்சங்கத்தின் சான்றோ கேட்பார்கள். மூன்று வீடுகளில் ஒன்றிலாவது கையெழுத்துப் போட மனமுள்ளவர் இருப்பார்.

மகளைப் பற்றி நீங்கள் எழுதிய இரண்டு வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். பயம் எதைப் பற்றியது என்று நீங்கள் விரித்துச் சொல்லவில்லை. தாழ்ப்பாள் சரியாக விழாத தகரக் கதவு, மூன்று மணி வெயிலில் ஷீட்டுக்குக் கீழே இருக்க முடியாமல் வாசலில் உட்கார வேண்டிய நிலை, இருட்டிய பிறகு பொதுக் கழிப்பறை வரை நடக்க வேண்டிய சந்து, அதற்குப் பயந்து மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பழக்கம் என்று இந்தக் கரைகளிலுள்ள தாய்மார்கள் எல்லாரும் சொல்வதுதான் உங்களுக்கும் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். இந்தப் பயத்துக்குத் திருமணம் மருந்தாகாது. பதினெட்டு வயதுக்கு முன் செய்தால் அது குற்றமும்கூட. கழிப்பறை விளக்குக்கும் பூட்டுக்கும் மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் பதிந்து, பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பள்ளி விட்டு நீங்கள் திரும்பும் வரையிலான இரண்டு மூன்று மணி நேரத்துக்கு, கரையில் பெண்பிள்ளை உள்ள நான்கைந்து வீடுகள் சேர்ந்து, வீட்டில் இருக்கும் பாட்டி ஒருவருக்கு மாதம் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்து எல்லாப் பிள்ளைகளையும் ஒரே இடத்தில் உட்கார வைக்கும் ஏற்பாட்டை இரண்டு இடங்களில் பார்த்திருக்கிறேன். அது நன்றாகவே நடக்கிறது. அப்படி முடியாவிட்டால் அரசு மாணவியர் விடுதியைப் பற்றித் தலைமை ஆசிரியையிடம் கேளுங்கள். குழந்தைக்கு யாராலாவது தொல்லை என்றால் 1098.

அவள் படிப்பது அரசுப் பள்ளி என்றால், இன்னொன்றும் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண், கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் பெறுகிறாள். மாமியாருக்கு இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். எங்கள் அனுபவத்தில் சட்டப் பிரிவைவிட இது நன்றாக வேலை செய்கிறது.

குழுக்கடனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடன் கடன்தான், ஆனால் ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு நெறிமுறைப்படி நுண்கடன் வசூலுக்காகக் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் அழைக்கக்கூடாது, மிரட்டவோ இழிவாகப் பேசவோ கூடாது. கட்டாய வசூலைத் தண்டிக்க 2025இல் தமிழ்நாட்டிலும் தனிச் சட்டம் வந்திருக்கிறது. பாக்கி எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள், மாதம் எவ்வளவு முடியும் என்று எழுத்திலேயே பதில் சொல்லுங்கள். ஊரிலுள்ள மற்ற பெண்கள் உங்கள் தவணையைத் தலையில் சுமந்துகொண்டிருக்கிறார்களா என்பதையும் விசாரியுங்கள். நீங்கள் திரும்பிப் போகும் நாளில் அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டும் அல்லவா?

இனி, ஊருக்கே போய்விடலாமா என்ற கேள்வி. நெட்டைத் தென்னை வைத்தால் காய் பார்க்க ஆறேழு ஆண்டுகள் ஆகும்; புயலுக்குப் பிறகு உங்கள் மாமியார் கன்று வைத்திருந்தால் இப்போதுதான் பாளை விட்டுக்கொண்டிருக்கும், வைக்கவில்லை என்றால் இனிமேல்தான் தொடங்க வேண்டும். அதுவரை அங்கே உங்களுக்குக் கூலி தரும் வேலை என்ன என்ற கேள்விக்கு உங்கள் கடிதத்தில் பதில் இல்லை. சென்னையும் உங்களுக்குப் பூ விரிக்கவில்லை. நீங்கள் வந்து இறங்கிய 2019 கோடையில்தான் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, குடத்தை வரிசையில் வைத்துவிட்டு லாரிக்குக் காத்திருந்தே பெண்களுக்கு வேலை நாள் போனது. இருந்தும், கணக்கெடுப்பு நடக்கப் போகிற நேரத்தில் வீட்டைக் காலி செய்வது, ஏழு ஆண்டு குடியிருப்புக்கு நீங்களே முற்றுப்புள்ளி வைப்பதாகும் என்பது என் எண்ணம். ஊர் நிலத்தை விற்கவும் வேண்டாம். பட்டா இன்னும் மாமனார் பெயரிலேயே இருக்குமானால், வாரிசுச் சான்று வாங்கிப் பெயர் மாற்றும் வேலையை ஆரம்பித்துவையுங்கள்.

மாமியாருக்குப் பேத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் ஆசையும் இருக்கலாம், அதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் மகளை ஊருக்கு அனுப்பி வையுங்கள். ஆனால் மாற்றுச் சான்றிதழ் மட்டும் பள்ளியிலிருந்து வாங்காதீர்கள், ஜூனில் பள்ளி திறப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நீங்களே போய் அழைத்து வந்துவிடுங்கள்.